ஃபிரிட்ஜ் இருக்கிற வீடு

காந்தா தன் சம்பளத்தில் வாங்கிய பெரிய பொருள் என்றால் அந்த ஃபிரிட்ஜ் ஒன்றுதான். மர்பி டவுனில் ஒற்றை அறையும் சமையல்கட்டும் கொண்ட வீட்டில் கால்வாசி இடத்தை அது அடைத்துக்கொண்டு நின்றது. மரூன் நிறம், கதவில் பூப்போட்டது, இருபது மாதத் தவணை. ஐ.டி. கம்பெனி ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்து, ஒரு மாதம் தவறாமல் கட்டி முடித்திருந்தாள். அதன் தலைமேல் புத்தர் சிலையை வைத்து, தினமும் இரண்டையும் சேர்த்தே துடைப்பாள்.

அந்த ஃபிரிட்ஜைத்தான் வெளியே தூக்கச் சொன்னான் கவின்.

இணையத்தில் நிதி திரட்டித் தரும் ஒரு கம்பெனிக்கு வீடியோ எடுப்பவன் அவன். காந்தாவின் மகள் ரூபினிக்குப் பன்னிரண்டு வயது. முதுகெலும்பு வளைந்துகொண்டே போனது. இனியும் தள்ளிப்போட்டால் நுரையீரலை அமுக்கிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கையிலிருந்தது, கம்மல் வைத்துப் புரட்டியது எல்லாம் போட்டும் நான்கு லட்சம் குறைந்தது. இருபது நாளில் பணம் சேர்ந்தால்தான் ஆபரேஷன் தேதி நிற்கும்.

"அக்கா, குடுக்கறவங்க மொதல்ல வீட்டைத்தான் பாப்பாங்க, அப்புறந்தான் கொழந்தைய" என்றான் கவின். "ஃபிரிட்ஜ் தெரிஞ்சா ஒருத்தரும் குடுக்க மாட்டாங்க. பழைய புடவையா ஒண்ணு கட்டிக்கங்க."

பாத்திரமறிந்து பிச்சையிடு என்று பெரியவர்கள் சொன்னதை நம் ஜனங்கள், வீட்டிலிருக்கும் பாத்திரத்தை எண்ணிப் பார்த்துப் பிச்சையிடு என்று எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. பையனைச் சொல்லிக் குற்றமில்லை. அவனுக்குத் தொழில் தெரியும்.

காந்தாவின் புருஷன் கோவிந்தப்பா, ஆடுகோடியில் ஒரு காரேஜில் டிங்கர் வேலை செய்பவன். "ஊர்ப்பட்ட ஜனத்துகிட்ட கை நீட்டறதுல என் மூஞ்சி வரக்கூடாது" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டான். பக்கத்து வீட்டு மௌரீனும் காந்தாவும் ஃபிரிட்ஜை மௌரீன் வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். வீடியோ எடுத்து முடித்ததும் திரும்பக் கொண்டுவந்தார்கள். அப்போது காந்தாவுக்குத் தன் வீட்டிலேயே எதையோ திருடிவிட்ட மாதிரி இருந்தது.

கவின் சொன்னது பொய்யில்லை. பன்னிரண்டு நாளில் இரண்டரை லட்சத்துக்கு மேல் சேர்ந்துவிட்டது. பதின்மூன்றாம் நாள் கம்பெனியிலிருந்து போன் வந்தது. யாரோ புகார் எழுதியிருக்கிறார்களாம்: 'இவர்கள் ஏழைகள் இல்லை. வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்கிறது. வீடியோவுக்காக மறைத்திருக்கிறார்கள்.' தெருவில் யார் அந்தப் புண்ணியவான் என்று இன்றுவரை தெரியாது. வசூலை நிறுத்தி வைத்திருப்பதாகவும், மறுநாள் ஆள் வந்து பார்ப்பார்கள் என்றும், புகார் உண்மையானால் வந்த பணமெல்லாம் கொடுத்தவர்களுக்கே திரும்பிப் போகும் என்றும் சொன்னார்கள்.

காந்தா, "இன்னா பண்றது அக்கா இப்போ?" என்று மௌரீனிடம் ஓடினாள்.

"பேஜார் பண்ணிக்காதே. மறுபடி நம்ம வூட்டுக்குத் தள்ளிடலாம்."

மறுபடியும் தள்ளினார்கள்.

மறுநாள் பதினோரு மணி வெயிலில் வந்தவள் அனுஷா என்ற இளம்பெண். பஸ்ஸை விட்டு இறங்கி வழி கேட்டுக் கேட்டு நடந்து வந்திருக்கிறாள். முகமெல்லாம் வேர்வை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்ததும் முதலில் கேட்டது, "அக்கா, கொஞ்சம் ஜில்லுனு தண்ணி கிடைக்குமா?"

காந்தா வாயைத் திறப்பதற்குள் ரூபினி எழுந்துவிட்டாள். "இருங்கக்கா, எங்க ஃபிரிட்ஜ் மௌரீன் ஆன்ட்டி வூட்ல கீது. நான் போய்க் கொண்டாறேன்."

குட்டு உடைந்தது. பெற்ற பிள்ளையே உடைத்தால் யாரை நோவது? மறைக்கக் கற்றுக்கொடுத்த அம்மா, பேசாமலிருக்கச் சொல்ல மறந்துவிட்டாள். காந்தாவுக்கு எங்கிருந்தோ ஒரு கோபம் வந்தது.

"ஆமா மேடம், என்துதான். திருடல. இருவது மாசம் கக்கூஸ் கழுவிக் கட்டினேன். வித்தா ஆறாயிரம் வருமா? ஆபரேசனுக்கு நாலு லட்சம் வேணுமே! வேணும்னா இன்னிக்கே வித்துடறேன். பணத்த மட்டும் திருப்பி அனுப்பிடாதீங்க, உங்க கால்ல வேணா வுழறேன்."

அனுஷா பதறிப்போய் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். ஆஸ்பத்திரிச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அங்கிருந்தே டாக்டரின் அலுவலகத்துக்குப் போன் போட்டு விசாரித்தாள். ரூபினியைத் திரும்பி நிற்கச் சொல்லி, அவளுடைய முதுகைப் பார்த்தாள்.

"அக்கா, நோய் நிஜமா, பணம் ஆஸ்பத்திரிக்குத்தான் போகுதா, இது ரெண்டுதான் நான் பார்க்கணும். எங்க ஃபாரத்துல ஃபிரிட்ஜ் பத்திக் கேள்வியே கிடையாது" என்றாள். "ஆனா மறைச்சது தப்பு. அந்த வீடியோவை எடுத்துடறேன். இப்ப நானே வேற எடுக்கறேன், எல்லாம் இருக்கற எடத்துல இருக்கட்டும்."

போன உயிர் திரும்பி வந்தது காந்தாவுக்கு. ஃபிரிட்ஜும் திரும்பி வந்தது. புத்தர் பழையபடி மேலே ஏறினார். தன் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, அதன் பக்கத்திலேயே நின்று, நடந்ததை நடந்தபடி காந்தா சொன்னாள்.

வசூல் மறுபடி தொடங்கிய முதல் இரண்டு நாள் பணம் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. 'ஃபிரிட்ஜ் வாங்கத் தெரியுது, பிள்ளைக்கு வைத்தியம் பார்க்கத் தெரியாதா?' என்று வீடியோவுக்குக் கீழே ஒருவர் எழுதினார். அதற்குக் கீழே இருநூறு ரூபாய் போட்டுவிட்டு ஓர் அம்மாள் எழுதியிருந்தார்: 'ஃபிரிட்ஜ் இருந்தா கொழந்தைக்கு முதுகு வளையாதா? எங்க வீட்லயும் தவணையில வாங்கினது ஒண்ணு நிக்குது.' காந்தா அதை மௌரீனை நான்கு தரம் படிக்கச் சொன்னாள். அதற்குப் பிறகு இருநூறும் முந்நூறுமாக வரத் தொடங்கியது. கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால் தொகை நிறைந்தது.

ஆபரேஷன் ஏழு மணி நேரம் நடந்தது. காலையிலிருந்து கோவிந்தப்பா சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தான். மாலை நாலு மணிக்கு டாக்டர் வெளியே வந்து, "கண் முழிச்சிட்டா. ரெண்டு கால் விரலையும் அசைச்சுட்டா. இனிமே பயமில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

காந்தா அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். கோவிந்தப்பா மெல்ல வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எத்தினி பேருடி குடுத்தாங்க?"

"அறுநூத்திப் பன்னண்டு பேரு."

"நம்மள யாருன்னே தெரியாதவங்களா?"

"தெரியாதவங்கதான்."

"அறுநூத்திப் பன்னண்டு பேரு" என்று அவன் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டான். பிறகு, போகிற வருகிற ஜனங்கள் எல்லாரும் பார்க்க, முகத்தை மூடாமல் அழுதான்.