மாதிரிக் கம்பனியில் என் தம்பி

தொண்ணூறுகளின் நடுவில் ரொறன்ரோவில் நான் சம்பளம் போடும் மென்பொருள் விற்றேன். தொழிற்சாலை தொழிற்சாலையாக ஏறி இறங்குவேன். செங்கல்போல் கனமான ஒரு மடிக்கணினியைத் திறந்து, இரண்டு நாள் வேலையை அது எப்படி இரண்டு நிமிடத்தில் முடிக்கிறது என்று காட்டுவேன். நான் பேசத் தொடங்கினால் எதிரில் இருப்பவருக்கு வேண்டாம் என்று சொல்ல இடைவெளி கிடைக்காது. அந்த வாயை நினைத்தால் இன்று எனக்கே எரிச்சல் வருகிறது.

காட்டுவதற்கென்று கணினிக்குள் ஒரு மாதிரிக் கம்பனி இருக்கும். அதில் பத்துப் பன்னிரண்டு பொய் வேலையாட்கள். ஒருநாள் மார்க்கம் நகரில் ஒரு சந்திப்புக்கு முன், காருக்குள் இருந்தபடி, அந்தப் பெயர்களில் ஒன்றை எடுத்துவிட்டு என் தம்பியின் பெயரை அடித்தேன். அவன் அப்போது கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கனடாவுக்கு அனுப்புவதாகச் சொன்ன ஏஜென்ட்டின் பதிலுக்காக ஒரு வருடமாகக் காத்திருந்தான். அவன் வரும்போது வரட்டும், வேலை தயாராக இருக்கட்டும் என்று நினைத்தேன். விளையாட்டுத்தான். ஆனால் அதில் கோயிலுக்கு வைக்கும் நேர்த்திபோல ஒன்றும் கலந்திருந்தது.

பதவி உயர்வை எப்படிப் பதிவது என்று யாராவது கேட்டால் அவனைத்தான் உயர்த்துவேன். களஞ்சியத்தில் பெட்டி அடுக்கத் தொடங்கியவன் ஆறு மாதத்தில் மனேச்சர் ஆகிவிட்டான். தொலைபேசியில் அதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தான்.

"அண்ணை, இஞ்ச லொட்ஜ்காரன் பருப்புக்குள்ளை தண்ணியை அள்ளி ஊத்துறான். அவனையும் உங்கடை கொம்பனியிலை சேர்த்துப்போட்டு அடுத்த நாளே நிப்பாட்டுங்கோ."

அந்த நாட்களில் கொழும்பில் பொலிஸ் சோதனை அதிகம். தெருவில் நின்ற தமிழ்ப் பொடியன்களை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் ஒவ்வொரு முறை பேசும்போதும் ஒன்றையே சொன்னேன்.

"நீ வெளியிலை திரியாதை. அறைக்குள்ளையே இரு. மிச்சத்தை நான் பாக்கிறன்."

சின்ன வயதில் என் சொல்லை ஒருநாளும் கேட்காதவன், ஓம் அண்ணை என்றான்.

அவனுக்குக் காய்ச்சல் வந்தது. என்னிடம் சொல்லவில்லை. அறை நண்பன் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டபோது, அண்ணை வெளியே போகவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார், இரண்டு நாளில் காய்ச்சல் மாறிவிடும் என்று பனடோல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறான். ஐந்தாம் நாள் நினைவு தப்பிய பிறகுதான் தூக்கிக்கொண்டு போனார்கள். மூளைக்காய்ச்சல் என்றார்களாம். அடுத்த நாள், தம்பி போய்விட்டான் என்று அந்த நண்பன் தொலைபேசியில் சொன்னான். டோர்செட் பார்க்கில் என் அடுக்குமாடி வீட்டில், வேலைக்கு உடுத்திக்கொண்டு, கையில் தேநீரோடு நின்று கேட்டேன். என் வாய்தான் அவனைக் கொன்றது. அப்படி இல்லை என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். எனக்கு ஏறவில்லை.

எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்குக்குப் படைத்துவிட்டு அடுத்த நாளே வேலைக்குப் போனேன். வீட்டில் இருக்க முடியவில்லை. பிக்கரிங்கில் தோட்டத்து நாற்காலி செய்யும் ஒரு தொழிற்சாலை. சம்பளம் போடுகிறவர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. பனிக்காலத்தில் பாதிப் பேரை நிறுத்திவிடுவோம், அதைச் செய்து காட்டுங்கள் என்றார். நான் தம்பியின் பெயரை எடுத்திருக்கவில்லை. அது பட்டியலின் தலையிலேயே நின்றது. அவரே குனிந்து அந்தப் பெயரைத் தெரிந்தெடுத்தார். கணினி காரணம் கேட்டது. வேலை இல்லை, தானாக விலகினார், ஓய்வு, மரணம். நான் வேலை இல்லை என்று போட்டேன்.

வசந்தத்தில் இவர் திரும்பி வந்தால் எல்லாவற்றையும் மறுபடி அடிக்க வேண்டுமா என்று கேட்டார். அதற்கு என்னிடம் எப்போதும் ஒரு பதில் தயாராக இருந்தது. ஒரு எழுத்தும் அடிக்கத் தேவையில்லை, ஒரு பொத்தான் போதும், விட்ட இடத்திலிருந்தே தொடங்கலாம். வாய் தன்பாட்டில் அதைச் சொல்லியது. விரலும் தன்பாட்டில் அழுத்தியது. தம்பி பட்டியலுக்குத் திரும்பி வந்தான். மனேச்சர், பணியில் உள்ளார்.

என் முகத்தைப் பார்த்து, என்ன ஆயிற்று என்றார் அவர். இது என் தம்பியின் பெயர் என்றேன். அவர் சிரித்துக்கொண்டு, தம்பியும் உங்களோடுதான் வேலை செய்கிறாரா என்று கேட்டார்.

இன்னும் வரவில்லை என்றேன்.

அவர்கள் மென்பொருளை வாங்கினார்கள். நான் காருக்குள் வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, அவன் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதேன்.

அதன் பிறகும் இரண்டு வருடம் அந்த வேலையில் இருந்தேன். கேட்டவர்களுக்கெல்லாம் தம்பியை நிறுத்திக் காட்டினேன், திரும்ப எடுத்தும் காட்டினேன். கணினி காரணம் கேட்கும்போது மரணம் என்பதை மட்டும் ஒருநாளும் தொடவில்லை.