சாப்பிட மறுத்த வேட்டைநாய்

டென்மார்க்கில, ரண்டர்ஸுக்குப் பக்கத்தில ஒரு மிருக வைத்தியசாலையில எனக்குக் கூட்டித் துடைக்கிற வேலை. பாஷை பழகட்டும் எண்டு கொம்யூன், அதுதான் இங்கத்தை நகரசபை, பிடிச்சுத் தந்தது. நாயளோட என்னடாப்பா பாஷை பழகிறாய் எண்டு கூட இருந்த பெடியள் பகிடி பண்ணுவாங்கள். உண்மையாத்தான், நான் முதல் முதல் வடிவாக் கதைச்ச டேனிஷ் நாயளோடதான்.

இலையுதிர் காலத்தில ஒரு வேட்டைக்காரர் தன்ர நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். பறவை பதுங்கியிருக்கிற இடம் கண்டால் ஒரு முன்காலைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிண்டு காட்டுற சாதி. கடற்கரைப் பக்கம் வெறும் மணல்மேடுகளில ஓடேக்க, புல்லுக்குள்ள கிடந்த முள்ளுக்கம்பி நெஞ்சைக் கிழிச்சுப்போட்டுது. காயம் முழுக்க மணல். டொக்டர் பொம்பிளை. அவ கழுவித் தைச்சு, சீழ் வடிய ஒரு குழாயும் வைச்சா. ஒவ்வொரு நாளும் கழுவவேணும், நாய் இங்கயே நிக்கட்டும் எண்டா.

காயம் காய்ஞ்சுகொண்டுதான் வந்தது. நாய்தான் வாயில ஒண்டும் வைக்கேல்லை. இறைச்சி வைச்சும் பாத்தாச்சு. நான் சோத்தைக் குழைச்சு உருண்டை பிடிச்சு நீட்டினன். மணந்து பாத்திட்டு முகத்தைத் திருப்பிச்சுது. கதவைப் பாத்தபடி ஒரே கிடை. இப்பிடியே போனால் தப்பாது எண்டு டொக்டர் சொன்னா.

ஒருக்கா வந்து பாருங்கோ எண்டு டொக்டர் கேட்டும் வேட்டைக்காரர் வரேல்லையாம். எனக்குப் பத்திக்கொண்டு வந்துது.

அந்தக் காலம் இலங்கையில இருந்து அகதியா வந்த எங்கட ஆக்கள் மனுசி பிள்ளையளைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பங்கள் ஒண்டும் அசையாமல் கிடந்தது. கேட்டால் பொறுங்கோ எண்டு மட்டும் சொல்லுவினம். நீதி அமைச்சில மேலிடத்திலயே மறிச்சு வைச்சிருந்தவை எண்டது பிறகுதான் பேப்பரில வந்தது. என்ர மனுசியும் மகளும் யாழ்ப்பாணத்தில, குண்டு விழுற செல்லடிக்குள்ள.

டொக்டரிட்டைக் கேட்டு ஃபோனை வாங்கினன். வேட்டைக்காரர் தன்ர ஞாயத்தைச் சொன்னார். தான் வந்திட்டுத் திரும்பிப் போனால் நாய் இன்னும் ஏங்குமாம், தன்னாலயும் அதைப் பாக்க ஏலாதாம். பாவமாத்தான் இருந்தது. எண்டாலும் விடேல்லை.

"அரை மணித்தியாலக் கார் ஓட்டம். உங்களை ஒருத்தரும் மறிக்கேல்லை. வாங்கோ," எண்டன்.

வந்தார். சப்பாத்தோட அப்பிடியே நிலத்தில படுத்தார். நாய் குரைக்கேல்லை. அவரின்ர கோட்டுக்குள்ள மூஞ்சியை வைச்சுக்கொண்டு கன நேரம் கிடந்தது. பிறகு அவரின்ர கையில இருந்த இறைச்சியை மெல்ல நக்கிச்சுது, ஒரு துண்டு விழுங்கிச்சுது, பிறகு எல்லாத்தையும் திண்டுது. டொக்டர் அங்கால திரும்பி மூக்கைச் சிந்தினா. என்ர கண்ணும் நிறைஞ்சுபோச்சு.

மனுசன் கீழ கிடந்தபடியே எனக்குக் குடும்பம் இருக்கோ எண்டு கேட்டார். ஓம், மகளுக்கு நாலு வயசு, நான் வெளிக்கிட்டாப் பிறகுதான் பிறந்தவள், இன்னும் பாக்கேல்லை எண்டன்.

"ஏன் அவை இங்க வரேல்லை?"

"விடுகினமில்லை."

அவர் என்னைப் பாத்தார். பிறகு நாயின்ர தலையைத் தடவிக்கொண்டு கிடந்தார். நாய் கண்ணை மூடிப் படுத்திருந்தது. அந்த நாயில எனக்குச் சரியான பொறாமையா இருந்தது.