மூன்று தடவை ஆக்கிய நெய்ச்சோறு

சங்கு மூட்டையைத் தூக்கிக் காட்டு என்று கீழக்கரையில் யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் தூக்கினேன். மூட்டை எழும்பியது, நான் எழும்பவில்லை. இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை பிதுங்கி நரம்பை நசுக்குகிறது, திறந்து எடுக்க வேண்டும் என்று பட்டணத்து டாக்டர் சொன்னார். நான் என் காலால் நடந்து வீடு வந்து சேர்ந்தால் தெருவுக்கே நெய்ச்சோறும் கறியும் போடுவதாக என் மனைவி நேர்ந்துகொண்டாள்.

வந்து சேர்ந்தேன். கையில் தடி, இடுப்பில் கட்டு, முகத்தில் புதுமாப்பிள்ளைக் களை. அந்த வாரமே சோறு ஆக்கிவிட்டாள். எங்கள் ஊரில் விருந்தென்றால் சஹன்தான். ஒரு பெரிய தட்டைச் சுற்றி நாலைந்து பேர் குனிந்து உட்கார்ந்து உண்பார்கள். நான் குனியக் கூடாது. கட்டிலில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தேன். பக்கத்துக் கடைக்காரன், என் கூட்டாளி, நல்ல கறித்துண்டாகப் பார்த்து எடுத்து என் கையில் வைத்தான்.

சில நாளில் தையலிலிருந்து தண்ணீர் மாதிரிக் கசிந்து சட்டை நனைந்தது. எழுந்தால் தலை பிளந்தது, படுத்தால் விட்டது. மறுபடி ரயில். நரம்பைச் சுற்றிய சவ்வில் சின்ன ஓட்டை, திறந்து தைத்தாக வேண்டும் என்றார் டாக்டர். தைத்துவிட்டு, கட்டிலின் கால்மாட்டைச் செங்கல் வைத்து உயர்த்தினார்கள். வவ்வாலும் நானும் தூரத்து உறவு என்று அப்போதுதான் தெரிந்தது.

இந்தத் தடவையும் என் காலால் நடந்து வீடு திரும்பியதும், வாக்கு பாக்கி நிற்கக் கூடாது என்று அவள் மறுபடி ஆக்கினாள். மறுபடி கட்டில், மறுபடி கையில் கறி. சட்டி கழுவிக் கவிழ்க்கும் முன்பே காய்ச்சல் வந்தது, தையலில் சீழ். மூன்றாம் தடவையாக ரயிலடிக்குப் போனபோது கூட்டாளி வழியனுப்ப வந்தான்.

"ஏலே, பயப்படாம போ. ஆனா இந்தத் தரம் கறிய இன்னங் கொஞ்சம் வேகவிடச் சொல்லிட்டுப் போ."

சிரித்தேன். தையல் இழுத்தது. உள்ளே பயம்தான். பட்டணம் போய்ச் சேர்ந்ததும், புண் ஆறிய பிறகும் முதுகு வளையுமா என்பதை இப்போது சொல்ல முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

திறந்து சுத்தம் செய்து அனுப்பினார்கள். இம்முறை என் மனைவி ஏமாறவில்லை.

"நடந்து வந்ததெல்லாம் கணக்கில்ல மச்சான். நின்னு தொழுது, ருகூவுல குனிஞ்சு நிமிருங்க. பொறவு அடுப்ப மூட்டுறேன்."

கட்டிலில் கண் சாடையால் தொழுதேன். பிறகு நாற்காலியில். டாக்டர் இடுப்பு பெல்ட்டைக் கழற்றச் சொன்ன பிறகு ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பாயை விரித்து நின்றேன். அடுக்களை வாசலில் அவள். குனிந்தேன். கை முழங்காலைத் தொட்டது. வலி இல்லை. இத்தனை மாதம் கழித்துப் போன இடம், உடனே திரும்ப மனம் வரவில்லை, அப்படியே நின்றுவிட்டேன்.

"மச்சான், பிடிச்சுக்கிருச்சா?"

தொழுகையில் பதில் சொல்ல முடியுமா? அவள் கூட்டாளிக்கு ஆள் விட்டாள். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அவன் ஓடி வந்தபோது நான் சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துவிட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன், குனிந்துதான். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். உள்ளே போய்ப் பெரிய சட்டியை இறக்கினாள்.

அந்த விருந்தில் நானும் சஹனைச் சுற்றி உட்கார்ந்தேன். கூட்டாளி என் பக்கம் ஒரு துண்டு கறிகூடத் தள்ளவில்லை. நல்லதெல்லாம் தட்டின் அந்தக் கோடியில் கிடந்தது. குனிந்து, எட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. எடுத்தேன்.