செருப்புக் காவல்

சென்ற மாதம் குடும்பமாக வேனில் கோயில்களுக்குப் போனோம். கொக்கட்டிச்சோலைக் கோயில் முன்வாசலில், முழங்கால் நோவோடு வந்திருந்த என் மாமியாரிடம், "மாமி, எங்கட செருப்புகளப் பாத்துக்கொள்ளுங்க" என்று சொல்லிவிட்டு எல்லோரும் உள்ளே போனோம். கும்பிட்டு முடியும்போது மழை கொட்டியது. பக்கத்து வாசலில் வந்து நின்ற வேனில் வெறுங்காலோடு ஓடி ஏறினோம்.

மண்முனைப் பாலம் தாண்டித் தேநீர் குடிக்க இறங்கியபோது, "என்ட செருப்பு எங்க?" என்று தேடினேன். அதன் பிறகுதான் மாமியின் நினைவே வந்தது. பதறிப்போய் வேனைத் திருப்பினோம்.

மாமி முன்வாசலில், சேலைத் தலைப்பால் எங்கள் செருப்புகளை மூடியபடி நனைந்துபோய் இருந்தார். நாங்கள் விட்டுவிட்டுப் போனதே அவருக்குத் தெரியவில்லை. "கும்பிட்டு முடிஞ்சுதா புள்ள? இனி நான் உள்ள போய்க் கும்பிட்டுட்டு வாறன்" என்று எழுந்தார்.

இப்போது எந்தக் கோயிலுக்குப் போனாலும் மாமியை முதலில் உள்ளே அனுப்பிவிட்டு, செருப்புக் காவலுக்கு நான் இருக்கிறேன். அன்று நான் முதலில் தேடியது செருப்பைத்தான் என்று அவரிடம் சொல்ல மட்டும் இன்னும் வாய் வரவில்லை.