தட்டுக்கழி என் கையில் இருந்தது

என் மகள் நடனம் கற்றுக்கொண்ட காலத்தில் வீட்டில் அவளுக்குத் தாளம் தட்டியது நான்தான். இதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. பிறகு எங்கேயாவது மறைத்துவிடுவேனோ என்று எனக்கே சந்தேகம்.

அப்போது காரைக்குடியில் குடியிருந்தோம். என் கணவர் அரசாங்க ஆபீசில் குமாஸ்தா. மானகிரியில் கொஞ்சம் நிலம் உண்டு. அதை அவர் பெரியப்பா மகன் பார்த்துக்கொண்டார். கணவரை இழந்த என் நாத்தனாரும் எங்களுடன் இருந்தார். எங்களுக்கு ஒரே பெண். அறுபதுகளின் கடைசியில் அவளுக்கு ஒன்பது வயது நடந்தது.

நடன வகுப்பு, கண்டனூர் போகிற வழியில் ஒரு பெரிய வீட்டில் நடந்தது. வீட்டுக்காரர்கள் சென்னையில் இருந்தார்கள். கல்யாணம் காட்சி என்றால் மட்டும் வருவார்கள். மற்ற நாளெல்லாம் பூட்டியே கிடக்கும். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கணவரின் வேலை மாற்றலில் வந்த ஒரு அம்மாள் அந்த வீட்டு ஆச்சிக்குக் கடிதம் எழுதிக் கேட்டு, முன் ஹாலை மட்டும் நடனம் சொல்லிக்கொடுக்க வாங்கிக்கொண்டார். செவ்வாயும் சனியும் வகுப்பு. ஒன்பது பெண்பிள்ளைகள். ஆச்சி வாடகை வாங்கவில்லை.

டீச்சருக்கு இரண்டு சட்டங்கள். தட்டு நிற்கும்வரை கால் நிற்கக் கூடாது. கால் என்ன பாடுபட்டாலும் முகத்தில் சிரிப்பு மாறக் கூடாது. அரைமண்டியில், அதாவது முழங்காலைப் பக்கவாட்டில் மடக்கிப் பாதி உட்கார்ந்த நிலையில், பிள்ளைகள் தரையை உதைத்துத் தட்டுவார்கள். தொடை நடுங்கும். டீச்சர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வருவார். "சிரி. பல்லு தெரிய வேண்டாம். கண்ணு சிரிக்கணும்." என் மகள் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். மற்ற பிள்ளைகளிடம் டீச்சர் அவளைக் காட்டிச் சொல்லுவார். எனக்கு அது பிடித்திருந்தது.

வகுப்பு வாரத்துக்கு இரண்டு நாள்தான் என்பதால் தினமும் வீட்டில் பழக வேண்டும். அதற்காக டீச்சர் ஆசாரியிடம் சொல்லி ஒன்பது ஜோடி செய்ய வைத்து வீட்டுக்கு ஒன்று கொடுத்தார். ஒரு சாண் நீளக் கழி, அதைக்கொண்டு தட்ட ஒரு கட்டை. "அம்மா, நீங்க எஸ்.எஸ்.எல்.சி. படிச்சவங்க. தெய்யா தெய் சொல்லை எழுதி வச்சுக்கிட்டு நீங்களே தட்டுங்க" என்றார். மற்ற வீடுகளில் அக்காவோ சித்தியோ பேருக்குத் தட்டினார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. சில வீடுகளில் கட்டை அடுப்படியில் பலகையாகிவிட்டது. நான் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, தட்டு விழும் இடத்திலெல்லாம் சிவப்பு மையில் புள்ளி வைத்து எழுதினேன். மாலை ஐந்து மணிக்கு உட்கார்ந்தால் ஆறு வரை. முதல் காலம், அதில் இரட்டிப்பு வேகம், அதிலும் இரட்டிப்பு. ஒருநாள்கூட விட்டதில்லை.

எங்கள் வீட்டுத் தரை சிவப்புச் சிமெண்டு. ஒரு சமுக்காளத்தை விரித்திருக்கலாம். டீச்சரைக் கேட்டேன், விரித்தால் கால் சத்தம் கேட்காது என்றார். சரி என்று விட்டுவிட்டேன். இரண்டாம் தடவை கேட்டிருக்கலாம்.

நாத்தனார் முறத்தோடு வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குவார். "ஏத்தா, சூடடிக்கிற களத்துல மாட்டைச் சுத்தவிடுற மாதிரில்ல புள்ளைய விடுறே. மாடாச்சும் நடுவுல ஒரு வாய் வைக்கோலு திங்கும்" என்பார்.

"வேணாம்னு அவ சொல்லட்டும் மதினி, நிப்பாட்டுறேன்" என்பேன்.

"அவ எங்குட்டுச் சொல்றது? நீதான் சிரிச்சுக்கிட்டே ஆடணும்னு சொல்லிவச்சிருக்கியே."

கேலியாகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன்.

கார்த்திகையில் வீட்டுக்கார ஆச்சி வந்திருந்தார். மாசியில் மகள் கல்யாணம். ஹாலில் பிள்ளைகள் ஆடியதை நின்று பார்த்துவிட்டு, "கலியாணத்தன்னிக்குச் சாயங்காலம் இந்தப் பிள்ளைக ஆடட்டுமே. வந்த சனம் பாக்கும்" என்றார். வாடகை வாங்காதவர் கேட்கிறார். டீச்சர் உடனே தலையாட்டினார். என் மகளை நடுவில் நிறுத்துவது என்று அன்றே முடிவாயிற்று. அவளுக்கு இருபுறமும் நாலு நாலு பேர். அவள் இல்லாவிட்டால் எல்லாம் மாற வேண்டும் என்று டீச்சர் இரண்டு தடவை என்னிடம் சொன்னார்.

தை மாதம் ஒரு காலை, பள்ளிக்கூடம் கிளம்பும்போது அவள் வாசற்படியை இடது காலால் மட்டும் இறங்குவதைப் பார்த்தேன். வலது கால் பின்னால் வந்தது. "கால் வலிக்குதா?" என்றேன். "இல்லம்மா" என்று சிரித்தாள். அடுத்த நாளும் கேட்டேன். அதற்கடுத்த நாளும். நான் கேட்காமல் விட்டவள் இல்லை. தினமும் கேட்டேன். அதுதான் எனக்கு இப்போதும் பிடிபடவில்லை.

கணவரிடம் சொன்னேன்.

"புள்ளைகிட்டக் கேட்டியா?" என்றார்.

"கேட்டேன். வலிக்கலைங்குது."

"அப்புறம் என்ன?"

"நீங்க ஒரு தடவை கேக்குறீகளா?"

அவர் கேட்டார். அவருக்கும் அதே பதில், அதே சிரிப்பு. டீச்சரிடம் சொன்னேன். அவர் பிள்ளையைக் கூப்பிட்டு, வலிக்கிறதா என்று கேட்டு முகத்தைப் பார்த்தார். "ஒண்ணும் இல்லை. நரம்பு பிடிச்சிருக்கும். எண்ணெய் தேய்ச்சு விடுங்க" என்றார். சுளுக்கு வழிக்கிற அம்மாவிடம் கூட்டிப்போனேன். விளக்கெண்ணெய் தடவி, கணுக்காலிலிருந்து கெண்டைக்கால் வரை கட்டைவிரலால் அழுத்தி வழித்தார். "இம்புட்டு அழுத்தியும் சிரிக்குதே, சுளுக்கெல்லாம் இல்லத்தா" என்று அனுப்பிவிட்டார்.

அதன் பிறகும் மாலை ஐந்து மணிக்கு உட்கார்ந்தோம். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே தட்டுவேன். கொஞ்சம் சுருங்கினாலும் நிறுத்திவிட வேண்டும் என்று கழியை இறுக்கிப் பிடித்திருப்பேன். அவள் என் கையைப் பார்த்துக்கொண்டே ஆடுவாள். முகம் மாறவில்லை. நான் நிறுத்தவில்லை. மூன்றாம் காலம் முடிந்ததும் பால் கொடுப்பேன். நின்றபடியே குடிப்பாள், உட்காரமாட்டாள். உட்கார்ந்தால் எழுந்திருக்கும்போது எனக்குத் தெரிந்துவிடும் என்பதற்காக இருக்கலாம். அன்றைக்கு அப்படி யோசிக்கவில்லை.

கல்யாணத்தன்று வீடு முழுக்க ஆட்கள். எங்களுக்கு ஒரு அறை ஒதுக்கியிருந்தார்கள். பிள்ளைகளுக்கு முதன்முதலாகச் சலங்கை. கயிற்றில் கோத்த சலங்கை. கணுக்காலுக்குச் சற்று மேலே சுற்றி முடிய வேண்டும். இரண்டுக்கும் ஒரே அளவுக் கயிறு. இடது காலில் கட்டினேன், முடிச்சுப் போட்ட பிறகும் நாலு விரல் மிச்சம் இருந்தது. வலது காலில் கயிறு முடிச்சுக்கு எட்டவில்லை.

நான் அதைப் பார்த்தேன். கயிறு குட்டையாக வெட்டப்பட்டிருக்கிறது என்று நினைத்தேன். நினைத்தேனா, நினைத்துக்கொண்டேனா என்று பல தடவை கேட்டுக்கொண்டாயிற்று. வெளியே மிருதங்கம் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. டீச்சர் "ஆச்சா, ஆச்சா?" என்று கதவருகே வந்து போனார். என் பாவாடை நாடாவில் ஒரு துண்டு கிழித்து, கயிற்றோடு சேர்த்துக் கட்டி முடிந்தேன். மகள் என் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றாள்.

நன்றாக ஆடினாள். அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு இடத்திலும் தாளம் தப்பவில்லை. ஆச்சி முதல் வரிசையில் உட்கார்ந்து, பக்கத்திலிருந்தவரிடம் அவளைச் சுட்டிக்காட்டினார். கும்பிட்டுவிட்டு வரிசையாக அறைக்குள் வந்தார்கள். கதவைத் தாண்டியதும் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, அவுத்துவிடு" என்றாள்.

நாடாவை அவிழ்த்தேன். கயிறு பதிந்த இடம் பள்ளமாக இருந்தது, அதன் மேலும் கீழும் வீங்கியிருந்தது. காலைத் தரையில் ஊன்றச் சொன்னேன். ஊன்ற முடியவில்லை. முகத்தில் அப்போதும் அந்தச் சிரிப்பு இருந்தது.

மறுநாள் பஸ்ஸில் மதுரைக்குப் போய் எக்ஸ்ரே படம் எடுத்தோம். கணுக்காலுக்கு மேலே எலும்பில் விரிசல். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, இது ஒரே நாளில் வந்ததில்லை, அடிமேல் அடி விழுந்து வந்தது என்றார். பிறகு பிள்ளையிடம் கேட்டார்.

"எப்ப இருந்து பாப்பா வலிக்குது?"

"மாட்டுப் பொங்கல்ல இருந்து."

"ஏன் சொல்லல?"

அவள் யோசித்தாள். "அம்மா தட்டிக்கிட்டே இருந்துச்சு" என்றாள்.

குற்றம் சொல்லும் குரல் இல்லை. கேட்டதற்குப் பதில். என் கணவர் என்னைப் பார்த்தார், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அழுகை வரவில்லை. மாவுக்கட்டோடு பஸ்ஸில் எப்படி ஏற்றுவது, கடைசி ஸீட் கிடைக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்தும் அழவில்லை. உலை வைத்தேன். நோட்டை எடுத்துப் பீரோவுக்கு மேலே போட்டேன்.

ஆறு வாரம் கட்டு. டீச்சர் ஒருநாள் மலைவாழைப்பழத்தோடு வந்தார். "நான் கேட்டேனே, சிரிச்சாளே" என்றார். "நானும் கேட்டேன்" என்றேன். அவர் காப்பி குடித்துவிட்டுப் போனார். நாத்தனார் மட்டும் கேலியை விட்டுவிட்டார். முன்போல் ஏதாவது சொல்லித் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாவுக்கட்டைப் பிரித்த நாளே மகள் கேட்டாள்: "கிளாசுக்கு எப்பம்மா?"

இன்னும் ஒரு மாதம் கழித்து ஆடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். என் கணவர் வேண்டாம் என்றார், பிறகு உன் இஷ்டம் என்றார். என் இஷ்டம் என்ன என்று எனக்கே தெரியவில்லை. அனுப்பினால் பழைய தப்பு. நிறுத்தினால் என் தப்புக்கு அவளுக்குத் தண்டனை. தினமும் அவளை உட்காரவைத்து அந்த எலும்பின் மேல் விரலால் அழுத்திப் பார்ப்பேன். முகத்தைப் பார்க்கமாட்டேன். கால் விரல்களைப் பார்ப்பேன். பெருவிரல் லேசாக மடங்கினால், "இன்னைக்கு வேணாம்" என்பேன். எப்படித் தெரிந்தது என்று அவளுக்கு ஆச்சரியம். வைகாசியில் விரல் மடங்குவது நின்றது. மேலும் ஒரு வாரம் அழுத்திப் பார்த்தேன். அப்புறமும் இரண்டு நாள்.

பிறகு ஒரு மாலை, இரண்டு சமுக்காளங்களை மடித்து விரித்து, கட்டையை எடுத்துவைத்து உட்கார்ந்தேன். முதல் காலம் மட்டும் என்றேன். "போதும்னா போதும்னு சொல்லணும். வலிக்கணும்னு இல்ல" என்றேன். தலையாட்டினாள்.

நாலு தட்டு விழுந்திருக்கும். "போதும்" என்றாள்.

நிறுத்தினேன். "வலிக்குதா?"

"இல்ல. சும்மா."

மறுபடி தொடங்கினேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி "போதும்". நிறுத்தினேன். அவள் கழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை. கணக்குப் போடுகிற பிள்ளையின் முகம். அன்று ஆட்டம் நடக்கவே இல்லை. தட்டுவதும் நிறுத்துவதுமாகவே ஆறு மணி ஆயிற்று. நாத்தனார் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அவள் சொன்னபோதெல்லாம் நிறுத்தினேன். ஒரு தடவை மட்டும், அவள் சொன்ன பிறகும் ஒரு தட்டு கூடுதலாக விழுந்துவிட்டது. கை தானாகப் போய்விட்டது. அவள் கால் அதற்கும் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நின்றது.