அக்காவின் ஓர்க்கிட்டும் கிணற்று நீரும்

ஆரையம்பதியில் சுனாமி என் அக்காவைக் கொண்டுபோனது. அக்கா வளர்த்த ஓர்க்கிட் பூச்செடியில், வேர் அழுகிய மூன்று துண்டுகள் மட்டும் மிஞ்சின. அழுகலை வெட்டி, தென்னந்தும்பில் வைத்து, கடல் புகுந்த பின் இறைத்துச் சுத்தம் செய்த கிணற்றின் நீரையே தினமும் தெளித்தேன். இருப்புக்கொள்ளாமல் நாளுக்குப் பத்துத் தடவை வேர் தேடினேன். இரண்டு துண்டுகள் கருகிப் போயின.

“கிணத்துத் தண்ணிய வாயில வெச்சுப் பாத்தியா புள்ள?” என்றார் கணவர்.

நாங்கள் குடித்ததெல்லாம் பவுசர் வண்டியில் வந்த தண்ணீர். கிணற்று நீரை வாயில் வைத்தேன், உப்புக் கரித்தது. கடைசித் துண்டை மழைநீரில் அலசிப் புதுத் தும்பில் வைத்தேன். பிறகு மழைநீர் மட்டுமே தெளித்தேன். மூன்றாம் வாரம் பச்சையாய் ஒரு வேர்முனை எட்டிப் பார்த்தது. அன்றுதான் அக்காவுக்காக வாய்விட்டு அழுதேன்.

இப்போதும் எந்தச் செடிக்கும் ஊற்றுமுன், முதல் சொட்டு என் நாக்குக்குத்தான்.