பரந்தாமன் போட்ட மஞ்சள் கோடு

நம் கம்பெனி பஸ் ஆரணியில் கிளம்பும்போதே டிரைவர் சொல்லிவிட்டார், பரந்தாமன் இறந்துவிட்டார் என்று. பஸ் செய்யாறு வந்து சேர்ந்தது. இறங்கியதும் ஷிஃப்டுக்கு ஓடினோம். லீவு கேட்க எனக்கும் துணிவு வரவில்லை. சாயங்காலம் நான் போவதற்குள் எடுத்துவிட்டிருந்தார்கள்.

வண்டிகளுக்கு ஸ்விட்ச் செய்யும் நம் லைனின் கடைசியில், செக்கிங் டேபிளில் நின்றவர் அவர். ஸ்பிரிங் தலைகீழாக இருந்தால் எடுத்துத் தனியே வைப்பார். அப்படி வைத்ததில் பெரும்பங்கு என் கைவண்ணம். எட்டாம் வகுப்பையே இரண்டு தடவை படித்தவன் நான். ஸ்பிரிங்குக்குத் தலை எது, கால் எது என்று எங்கே பிடிபடும்? அவர் திட்டியதில்லை. "உன் மேல தப்பு இல்லபா. தப்பா மாட்ட வழி இருக்குதே, அதான் தப்பு" என்பார்.

தரையில் மஞ்சள் கோடு போட்டு ஒவ்வொரு சாமானுக்கும் இடம் குறித்தவரும் அவர்தான். "சாமான் காணாம பூட்டா கோடு காட்டிக் குடுக்கும்." ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தவர், சமையலறைச் சுவரில் கரண்டியைச் சுற்றியும் கோடு போட்டார். பிள்ளைகள் முன்னாலேயே என் மனைவி, "இவர சுத்தியும் ஒண்ணு போடுங்கண்ணா, எங்க சுத்திகினு இருக்காருன்னு தெரியும்" என்றாள். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிறகு, தலைகீழாக வைத்தால் ஸ்பிரிங் உட்காரவே உட்காராத ஒரு ஜிக்கை, ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொள்ளும் அச்சை, யோசித்தார். அதை எழுதி யோசனைப் பெட்டியில் போடப் போனபோது நான் குறுக்கே போய் நின்றேன். "இத்த போட்டா உங்க டேபிளே வாணான்னுடுவாங்கண்ணா."

"தப்பே வராத எடத்துல தப்பு பாக்க ஆள் எதுக்குபா? எனக்கு வேற எடம் குடுப்பாங்க."

எவர்சில்வர் டிபன் கேரியர் கொடுத்துக் கைதட்டினார்கள். டேபிளைத் தூக்கினார்கள். வேறு இடம் கொடுக்கவில்லை. நான் ஒழுங்காகத் தப்பு செய்துகொண்டே இருந்திருந்தால் அவருக்கு வேலை இருந்திருக்கும். என்னாலும் ஒரு குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது.

கடைசியில் கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன். நான் பார்க்கப் போனபோது வாசலில் கிடந்த செருப்புகளை ஜோடி சேர்த்து வரிசையில் வைத்துக்கொண்டிருந்தார். கம்பெனியைப் பற்றி ஒன்றுதான் கேட்டார்: "ஜிக்கு நல்லா ஓடுதா?"

ஓடுகிறது என்றேன். ஒரு ஸ்பிரிங்கூடத் தலைகீழாக வருவதில்லை என்றேன். தலையாட்டிவிட்டு அடுத்த செருப்பை எடுத்தார்.

டேபிள் இருந்த இடத்து மஞ்சள் கோட்டையும் போன மாதம் சுரண்டிவிட்டார்கள், அதே லைனில் நிற்கும் உங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டுக் கரண்டி எப்போதோ தொலைந்துபோனது. கோடு மட்டும் சுவரில் இருக்கிறது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அந்த இடத்தை விட்டுவிடச் சொல்லியிருக்கிறாள் என் மனைவி. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவ்வளவுதான்.